ஐப்பசியில் கோவையிலிருந்து ஒருநாள் காரில் போய்வர, தோப்பும் வழியோரக் கோயிலும் இருக்கும் இடம் எது?

ஆனைமலைக்குப் போங்கள். பொள்ளாச்சி வரை சுமார் 40 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் 15 வரும். பிள்ளைகளோடு போவீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். மழை விட்டு வெறித்த நாளாகப் பாருங்கள், மலை அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோப்பு அந்தப் பக்கம்தான். சொந்த ஊரென்று தூக்கிப் பேசுகிறேன் என்பீர்கள், பேசுகிறேன்தான். போன ஐப்பசியில் சென்னைச் சித்தி குடும்பத்தைக் கூட்டிப் போனேன். தென்னைக்கு நடுவே ஊடுபயிராக நிற்கும் ஜாதிக்காய், கோகோவை விட்டுப் பிள்ளைகள் நகரவே இல்லை. சித்தப்பா மட்டும் "எல்லாம் ஒரே மாதிரி மரம்தானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வாடல் நோய் வந்த மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். ஓலை மஞ்சளடித்து உள்பக்கமாக வளைந்து தொங்கும், குணப்படுத்த மருந்து கிடையாது, முற்றினால் வெட்ட வேண்டியதுதான். 2016 வாக்கில் வெள்ளை ஈ வந்து ஓலையெல்லாம் கரும்பூசணம் பிடித்தது, அது ஓயுமுன் இது. அப்புச்சி வைத்த மரங்களை மாமா ஆள்விட்டு வெட்டிய அன்று அம்மாயி (அம்மாவின் அம்மா) தோப்புப் பக்கமே வரவில்லை. புதுக்கன்று வைத்தால் எப்போது காய்க்கும் என்று சித்தப்பா அப்புறம்தான் கேட்டார். நெட்டை ரகம் என்றால் ஆறேழு வருசமாவது ஆகும்.

கோயில் என்றால் எல்லோரும் மாசாணியம்மனைச் சொல்வார்கள். அம்மன் படுத்த கோலத்தில் இருக்கும், அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அமாவாசையில் போகாதீர்கள், கூட்டம் தாங்காது. எனக்குப் பிடித்தது எங்கள் தோப்புக்கு முன்னால் ரோட்டோரம் இருக்கும் கருப்பராயன். கூரை கிடையாது, வேலும் கல்லும்தான். காய் ஏற்றிய வண்டி அங்கே நின்று, ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்பும். மூடநம்பிக்கை என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், அந்த ஒரு நிமிசத்தில் டிரைவர் கயிற்றையும் டயரையும் பார்த்துவிடுகிறார்.

தோப்புக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். கேட்டால் இளநீரே வெட்டித் தருவார்கள்.

நீங்கள் கேட்காத விசயம் ஒன்று. பொள்ளாச்சி ரோட்டை அகலப்படுத்த இருபுறமும் இருந்த பழைய மரங்களை வெட்டினார்களே, அந்த நிழலுக்கு ஈடாக யார் எங்கே மரம் வைத்தார்கள்? காரில் ஏசி இருப்பவர்களுக்குச் சரி, பைக்கில் சந்தைக்குப் போகிறவர் எங்கே ஒதுங்குவார்?