எம்-51: வேலியில் வெடிக்கும் குண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வார் தண்டர் என்ற டாங்கிச் சண்டை கணினி விளையாட்டில் இஸ்ரேலின் எம்-51 டாங்கியை ஓட்டிவருகிறேன். இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ஷெர்மன் டாங்கிதான், ஆனால் குண்டு 400 மி.மீ. கவசத்தைத் துளைக்கும் என்று காட்டுகிறது. ஆட்டத்துக்காக ஏற்றிவைத்த கணக்கா இது? நிஜமென்றால் என் குண்டுகளில் பாதி ஏன் வீணாகிறது?

சுரேஷ்

அன்புள்ள சுரேஷ்,

ஏற்றிவைத்ததல்ல. எகிப்தும் சிரியாவும் சோவியத் டி-54 டாங்கிகளை வாங்கத் தொடங்கியபோது இஸ்ரேலிடம் ஏராளமாக இருந்தவை ஷெர்மன்கள்தான். ஏஎம்எக்ஸ்-30 டாங்கிக்காக பிரான்ஸ் உருவாக்கிய 105 மி.மீ. பீரங்கியை அதில் ஏற்ற முடிவெடுத்தார்கள். ஷெர்மனின் டரெட், அதாவது மேலே சுழலும் பீரங்கிக் கூடு, அவ்வளவு நீளத்தையும் பின்னுதைப்பையும் தாங்காது. அதனால் குழலின் நீளத்தை 56 காலிபரிலிருந்து (ஒரு காலிபர் என்பது குழல் வாயின் விட்டம்) 44-க்குக் குறைத்தார்கள், அதாவது ஒன்றேகால் மீட்டர் வெட்டு. முனையில் பின்னுதைப்பைக் குறைக்கும் பெரிய மசில் பிரேக், டரெட்டின் பின்னால் எதிர் எடை, உள்ளே கம்மின்ஸ் டீசல் எஞ்சின். குண்டின் வேகம் வினாடிக்கு 1000 மீட்டரிலிருந்து 800 ஆனது.

வேகம் போனாலும் துளைப்பு ஏன் போகவில்லை? அது ஹீட் குண்டு. கவசத்தைத் துளைப்பது அதன் வேகமல்ல, உள்ளே வெடிமருந்து நசுக்கிப் பீய்ச்சும் உலோகத் தாரை. ஆனால் உள்ளே திருகு வரி வெட்டிய புரிகுழலிலிருந்து சுழன்று வரும் குண்டில் தாரை சிதறிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் வெடிமருந்தைப் பால் பேரிங்கில் தாங்க வைத்தார்கள். வெளிக்கூடு சுழலும், உள்ளிருப்பது ஏறக்குறைய நிலையாக வரும். என்னைக் கேட்டால் டாங்கியைவிட இந்தக் குண்டுதான் அதிசயம். 1967, 1973 போர்களைக் கண்ட எம்-51கள் பின்னர் சிலி நாட்டுக்கும் போயின.

உங்கள் குண்டுகள் வீணாவதும் இந்தக் குறைந்த வேகத்தாலும் ஹீட்டின் இயல்பாலும்தான். 1000 மீட்டரை 800 வேகத்தில் கடக்க ஒன்றேகால் வினாடி. காற்றுத் தடையைச் சேர்க்காமலே குண்டு ஏழரை மீட்டர் இறங்கும். வெட்டாத குழலில் ஐந்து மீட்டர்தான். ஆகவே தொலைவில் கண்மதிப்பை நம்பாதீர்கள், தூரமானியால் அளந்துவிட்டுச் சுடுங்கள். அடுத்தது வேலி. ஹீட் முதலில் எதில் பட்டாலும் வெடிக்கும். மரவேலியை மெஷின் கன்னால் உடைத்துவிட்டுச் சுடுங்கள்; மரம் குறுக்கே இருந்தால் இடம் மாறுங்கள். பக்கத் தகடு தொங்கவிட்ட ஜெர்மன் டாங்கியைப் பக்கவாட்டில் அடிக்கும்போதும் இதே கதை, தாரை தகட்டுக்கும் கவசத்துக்கும் நடுவே வலுவிழக்கும்.

துளைத்த பின்னும் தாரை ஒல்லி. நடுவில் எங்கோ அடித்தால் எதிரி பிழைத்துக்கொள்வான். குண்டு அடுக்கையோ, டரெட்டில் இருந்து பீரங்கியைச் சுடும் கன்னரையோ குறிவையுங்கள்.

கவசத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. முன்பக்கம் அதே பழைய ஷெர்மன் வார்ப்பு, அதை ஒட்டி உள்ளேயே கியர்பாக்ஸ். அங்கே அடிபட்டால் நகர முடியாது. சரிவின் பின்னால் உடலை மறைத்து டரெட்டை மட்டும் காட்டுங்கள். சுட்டதும் பின்வாங்குங்கள், இரண்டாவது குண்டுக்காக அங்கேயே நிற்காதீர்கள்.