வேடந்தாங்கலுக்குப் புறப்படுமுன்: கேள்வி பதில்

செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரிக்கும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பருவந்தோறும் சென்று வருகிறேன். எனக்குள்ள தகுதி அவ்வளவுதான். பறவைகள், ஏரி, வயல் ஆகியவற்றைப் பற்றி என்னால் இயன்றவரை விடையளிக்கிறேன். விடுதி, உணவகம் பற்றிய கேள்விகளுக்கு நான் பொருத்தமானவன் அல்லன்.

கேள்வி: முதன்முறையாகக் குடும்பத்துடன் செல்ல இருக்கிறோம். எந்த மாதம் சிறந்தது, ஐயா?

மாதத்தைக் கேட்பதற்கு முன் மழையைக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகப் பெய்து ஏரி நிறைந்தால்தான் பறவைகள் இங்கே கூடு கட்டும். ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் அடியில் நீர் சூழ்ந்திருக்கும்போது நரியும் பூனையும் மரங்களை நெருங்கிக் குஞ்சுகளைத் தூக்கிச் செல்ல முடியாது என்பதால், நீரையே அகழியாகக் கொண்டு அவை குடியேறுகின்றன. மழை பொய்த்த ஆண்டில் தை மாதத்தில் சென்றாலும் வெறும் மரங்களைத்தான் பார்ப்பீர்கள். நல்ல மழையாண்டில் நவம்பர் இறுதியில் கூடு கட்டுவதையும், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் குஞ்சுகளையும் காணலாம். மார்ச்சுக்குப் பின் கூட்டம் கலையத் தொடங்கிவிடும். ஒரே ஒருமுறைதான் செல்ல முடியும் என்றால் பொங்கல் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிட்டு ஜனவரியின் பிற்பாதியில் செல்லுங்கள். மாலை மூன்றரை மணிக்கே கரையில் இருந்தால், இரை தேடப் போன நாரைகளும் கூழைக்கடாக்களும் கூட்டங்கூட்டமாகத் திரும்பி வருவதை அமர்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம்.

ஏரியில் நீர் இருக்கிறதா என்று விசாரிக்காமல் புறப்படாதீர்கள். இதை இன்று பலமுறை சொல்ல நேரிடும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நுழைவுக் கட்டணம் எவ்வளவு? வார விடுமுறை உண்டா?

இவை மாறக்கூடியவை. வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். அப்படியே ஏரியில் நீர் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பல்லாயிரம் மைல் பறந்து வந்து இங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகளில் எளிதாக அடையாளம் காணக்கூடியவை எவை?

ஒன்றுகூட இல்லை. ஒவ்வோர் ஆண்டும் செய்தித்தாள்களில் இந்த வாக்கியம் வந்துகொண்டே இருப்பதால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். வேடந்தாங்கலில் கூட்டின்மேல் அமர்ந்திருக்கும் எந்தப் பறவையும் சைபீரியாவிலிருந்து வந்ததன்று. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், வக்கா, கொக்கு வகைகள் ஆகிய அனைத்தும் நம் துணைக்கண்டத்துக்குள்ளேயே இருப்பவை. எந்த ஏரியில் நீரும் மீனும் இருக்கின்றனவோ அங்கே இடம் மாறி மாறி வாழ்பவை. ஆஸ்திரேலியாவிலும் கூழைக்கடா உண்டு. ஆனால் அது வேறு இனம், நம் ஏரிக்கு வருவதில்லை.

வடக்கிலிருந்து வலசை வருபவை வேறு வகையின. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, கிளுவை, பலவகை உள்ளான்கள் ஆகியவை குளிருக்குத் தப்பி, இரை தேடி இங்கே வருகின்றன. கூடு கட்டுவதோ தங்கள் வடநாட்டில் கோடைக்காலத்தில். விருந்துக்கு வந்தவர் யார், பிறந்த வீட்டுக்குப் பேறுகாலத்துக்கு வந்தவர் யார் என்று பிரித்தறியத் தெரிந்தாலே பாதிப் பறவைகளை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்வீர்கள்.

எளிதாக அடையாளம் காணக்கூடியது நத்தைகுத்தி நாரை. அலகை மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். வயல் நத்தையின் ஓட்டை நொறுக்காமலேயே உள்ளிருக்கும் சதையைப் பிரித்தெடுக்கும் திறமை அதற்கு உண்டு. குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளி இராது. வளர வளரத்தான் தோன்றும். இருநோக்கி (பைனாகுலர்) வைத்திருப்பவர்கள் தாயின் அலகையும் குஞ்சின் அலகையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: படம் எடுக்க எந்த கேமரா வாங்கலாம்?

அதற்கு வேறு ஆள் பாருங்கள். முதல் முறை 8×42 இருநோக்கி ஒன்றை இரவல் வாங்கிச் சென்றால் போதும்.

கேள்வி: சென்னையிலிருந்து ஒரு நாள் பயணம். ஏரியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்ன இருக்கிறது? சுற்றுவட்டாரத்தில் பார்க்க ஏதேனும் உண்டா?

ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது பந்தியில் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டு எழுவதைப் போன்றது. 'தாங்கல்' என்ற சொல்லுக்கே பாசனத்துக்கான சிறு ஏரி என்பதுதான் பொருள். சுமார் 30 ஹெக்டேர் மட்டுமே உள்ள இந்த நீர்நிலை, பக்கத்து வயல்களுக்காக வெட்டப்பட்ட ஊர் ஏரி; பறவைகள் தாமாக வந்து குடியேறின.

காலையில் கரிக்கிலிக்குச் செல்லுங்கள். ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள அந்த ஏரிகளில் மரத்தில் கூடு கட்டும் கூட்டத்தைவிட, ஆழமில்லாத நீரில் மேயும் வாத்துகளையும் உள்ளான்களையும் நன்றாகப் பார்க்கலாம். சைபீரியா என்று மேலே கேட்டவர் தேடும் விருந்தாளிகள் அங்கேதான் இருக்கின்றனர். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022ஆம் ஆண்டில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

நண்பகலில், பறவைகளும் ஓய்ந்திருக்கும் நேரத்தில், உத்திரமேரூர் செல்லலாம். வைகுந்தப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பார்க்கிறார்கள். நீங்கள் அதே கல்வெட்டில் வரும் 'ஏரி வாரியம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். ஏரியைப் பேணுவதற்கென்றே ஒரு குழுவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. பெருமழையில் உடைய இருந்த ஏரிக்கரையை இராமனும் இலக்குவனும் காத்து நின்றதைக் கண்டதாகச் சொல்லப்படும் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர்தான், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டபோது, பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர். அந்த ஆவணம் 1858ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. மாலை மூன்று மணிக்குள் வேடந்தாங்கலுக்குத் திரும்பிவிடுங்கள்.

வழியில் வயல்களில் நாரை மேய்வதைக் கண்டால் சாலையோரமே நின்று பாருங்கள். உரியவரைக் கேட்காமல் வரப்பில் இறங்காதீர்கள்.

கேள்வி: ஆகஸ்டு மாதம் செல்லலாமா?

முதல் விடையைப் படியுங்கள்.

கேள்வி: கோடையில் ஏரி வறண்டு கிடப்பதைப் பார்த்து மனம் வருந்தியது. பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பதை நிறுத்திவிட்டால் ஆண்டு முழுவதும் பறவைகள் இருக்குமே. காப்பிடம் (சரணாலயம்) பறவைகளுக்கா, விவசாயிகளுக்கா?

கேள்வியை நீங்கள் பிரித்த விதமே தவறு. நீர்க்கடம்பு சில மாதங்கள் நீரில் நின்று தாங்கும். ஆண்டு முழுவதும் மூழ்கியிருந்தால் நலியும், கன்றுகளோ தலையெடுக்கவே முடியாது. ஏரி வறளும் மாதங்களில்தான் மண்ணுக்குக் காற்றும் மரத்துக்கு உயிரும் கிடைக்கின்றன. தமிழகக் காப்பிடங்கள் பலவற்றில் மண் திட்டுகள் அமைத்து மரக்கன்று நடுவதும் அப்போதுதான். மேலும் இனப்பெருக்கம் முடிந்ததால்தான் பறவைகள் போகின்றன. கடல்போல் நீர் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை போகத்தான் செய்யும்.

இந்தச் சிறு ஏரியிலுள்ள மீன்களைக் கொண்டு இத்தனை குஞ்சுகளுக்கும் இரை தர முடியாது. நத்தையும் தவளையும் மீனும் சுற்றியுள்ள ஏரிகளிலிருந்தும் பாசன வயல்களிலிருந்தும்தான் வருகின்றன. 1998ஆம் ஆண்டில் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் அளவுக்குக் காப்பிடமாக அறிவித்ததன் பொருளும் அதுதான். 2020ஆம் ஆண்டில் அதை மூன்று கிலோமீட்டராகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்தபோது பறவை ஆர்வலர்கள் பதறியதற்கும் இதுவே காரணம். வயல் காய்ந்தால் கூடும் காயும்.

(அதே நண்பர்) அந்த வயல்களில்தானே பூச்சிக்கொல்லி தெளிக்கிறார்கள்? பிறகு எதற்காக அவர்களைப் புகழ்கிறீர்கள்?

(இடையில் ஒருவர்) ஐயா, நான் அந்தப் பக்கத்தில் பயிர் செய்பவன். எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. என் பிள்ளைகள் அதைக் குறையாக நினைத்ததில்லை. பறவை எச்சம் கலந்த தண்ணீர் பாய்வதால் எங்கள் நிலத்துக்கு உரமே வேண்டியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் யாராவது என் வரப்பை மிதித்து உடைத்துவிட்டுப் போகிறார்கள். காப்பாற்றுகிறோம் என்று பேசுகிறவர்கள் அதையும் பேசட்டும்.

இருவருக்கும் சேர்த்தே விடை சொல்கிறேன். பூச்சிக்கொல்லி பற்றிய கவலை நியாயமானது. வயலில் நத்தையும் தவளையும் குறைந்தால் நாரைகள் இன்னும் தொலைவுக்குப் பறக்க வேண்டியிருக்கும், குஞ்சுகளுக்கு இரை தாமதமாகும். அதற்கு நஞ்சு குறைந்த சாகுபடிக்கு அவர்களுக்கு உதவுவதுதான் வழியே தவிர, மடையை அடைப்பதன்று. மடையை அடைத்த மறுநாளே பறவைகளுக்கும் ஊருக்கும் இடையிலான உறவு அறுந்துபோகும். துப்பாக்கியை எதிர்த்து நின்ற ஊரைப் பறவைக்கு எதிராக நிறுத்திவிடாதீர்கள்.

விவசாய நண்பருக்கு: எச்சத்தில் தழைச்சத்து மிகுதி என்பதில் ஐயமில்லை, உங்கள் செலவு குறைவதும் உண்மை. ஆனால் உரமே வேண்டாம் என்று பொதுவாகச் சொல்ல நான் தயங்குவேன். மழை குறைந்து பறவைகள் வராத ஆண்டில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். வரப்பைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் இன்னும் பத்து முறை சொல்லத் தயார்.

(விவசாய நண்பர்) பறவை வராத ஆண்டில் உரம் போட்டிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். வந்த ஆண்டில் பாதிகூடப் போட்டதில்லை.

அப்படியென்றால் நமக்குள் சண்டை இல்லை.

கேள்வி: குழந்தைகளுக்குப் படகுச் சவாரி உண்டா?

இல்லை, இருக்கவும் கூடாது. படகு நெருங்கினால் தாய்ப்பறவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பும். அந்தச் சில நிமிடங்களில் காகங்கள் முட்டைகளைக் கொத்திவிடும். இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் வாடும். குழந்தைகளைக் கண்காணிப்புக் கோபுரத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூடுகளை மேலிருந்து பார்ப்பது படகைவிட நன்றாக இருக்கும்.

கேள்வி: ட்ரோன்?

மேலே உள்ள விடையில் படகு என்றிருக்கும் இடத்தில் ட்ரோன் என்று போட்டுப் படியுங்கள். தவிர, அது சட்டப்படி குற்றமும் ஆகும்.

கேள்வி: இந்த வாரம் போகலாம் என்றிருக்கிறோம். சைபீரியப் பறவைகள் வந்துவிட்டனவா, ஐயா?

மூன்றாவது விடையைப் படியுங்கள். ஏரியில் நீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டீர்களா?