நடனப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன்: எந்த மாவட்டம், எந்த வயது, எத்தனை நிமிடம்?

கேள்வி: எங்களுக்கு ராயவரம். மகள் காரைக்குடியில் மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்து வருடமாகப் பரதம் கற்கிறாள். குழந்தைகளுக்கான அரசுக் கலை அமைப்பான ஜவகர் சிறுவர் மன்றம் நடத்தும் போட்டியில் சேர்க்க நினைக்கிறோம். 12 முடிந்து 13 நடக்கிறது. எந்தப் பிரிவில் வருவாள்? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? ஜதிஸ்வரம் ஆடலாமா?

பதில்: முதலில் மாவட்டத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். செட்டிநாடு என்று நாம் ஒன்றாகச் சொன்னாலும் அரசுக் கணக்கில் அது இரண்டாகக் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் எல்லாம் சிவகங்கை. உங்கள் ராயவரமும் அரிமளமும் விராச்சிலையும் புதுக்கோட்டை. ஆதாரில் ஒரு மாவட்டம், பள்ளிச் சான்றில் இன்னொரு மாவட்டம் என்று பதிவு மேசையில் போய் நின்றால் விவாதம்தான் மிஞ்சும். அறிவிப்பில் ‘மாவட்டத்தில் பயிலும்’ என்று இருக்கிறதா, ‘வசிக்கும்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் முன்கூட்டியே போட்டி நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு மாவட்டத்திலும் பெயர் கொடுக்காதீர்கள். முதல் பரிசு பெற்றவர்தான் மாநிலப் போட்டிக்குப் போவார். சிக்கல் வெளிவருவது அப்போதுதான்.

வயதுப் பிரிவு மூன்று: 5–8, 9–12, 13–16. ‘13 நடக்கிறது’ என்பது நம் வீட்டுக் கணக்கு. போட்டிக்கு நிறைவடைந்த வயதுதான் கணக்கு. ஆகவே இன்றைய நிலையில் மகள் 9–12 பிரிவு. ஆனால் அறிவிப்பு குறிக்கும் நாளுக்கு முன்பே அவளுக்கு 13 நிறைந்துவிட்டால் அடுத்த பிரிவுக்குப் போய்விடுவாள். ஆகவே அந்தத் தேதியைப் பார்த்த பிறகு படிவத்தில் பிரிவை எழுதுங்கள்.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துப்போங்கள். ஆதார் அடையாளத்துக்குத்தான், பிறந்த தேதிக்குச் சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. சான்றிதழை இன்றைக்கே எடுத்து ஒரு முறை பாருங்கள். பிரசவமானவுடன் வாங்கியது என்றால் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பிறந்து 15 வருடத்துக்குள் பெயரைச் சேர்க்க வழி உண்டு. ஆனால் பிறப்பு எங்கே பதிவானதோ அங்கேதான் போக வேண்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்றால் அலைச்சல் தாய்வீட்டு ஊருக்கு! போட்டிக்கு முந்தின வாரம் இதைத் தொடங்கினால் நடக்காது. கூடவே புகைப்படம் ஒட்டி, படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாகத் தலைமையாசிரியர் முத்திரை விழுந்த படிப்புச் சான்று ஒன்று. எல்லாவற்றிலும் இனிஷியல் ஒன்றுபோல் இருக்கட்டும்.

இனி ஜதிஸ்வரம். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இந்தப் போட்டிகளில் வழக்கமாகத் தரும் நேரம் 3 முதல் 5 நிமிடம். ஜதிஸ்வரத்தில் ஸ்வரம் உண்டு, சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. அடவு (கை கால் அசைவு) சுத்தத்துக்கும் தாளத்துக்கும் மதிப்பெண் வரும். பாட்டின் பொருளை முகத்திலும் கையிலும் காட்டும் அபிநயத்துக்கு நடுவர் எதைப் பார்த்துப் போடுவார்? அலாரிப்புக்கும் இதே குறைதான். தெய்வத்தைப் போற்றும் சிறு உருப்படியான கௌத்துவம் பொருத்தம்: ஜதியும் (தாளச் சொற்கட்டு) வரும், சாகித்யமும் வரும், நாலரை நிமிடத்துக்குள் முடியும். சின்னக் கீர்த்தனை ஒன்றும் ஆடலாம். வர்ணத்தை வெட்டி ஆட வைக்கிறார்கள். ஆடத் தெரிந்த பிள்ளைக்கு அது நியாயமில்லை. அரை மணி நேர உருப்படியின் அருமை ஐந்து நிமிடத்தில் தெரியாது.

எதை வெட்டினாலும் தாள ஆவர்த்தனம் (ஒரு முழுச் சுற்று) முடியும் இடத்தில் வெட்டுங்கள். ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணி, சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் எண்ணிக்கையில், அடுத்த துண்டு விழ வேண்டும். ஆறாவது எண்ணிக்கையில் ஒட்டிய பாட்டுக்குக் கால் தடுமாறும். தப்பு பிள்ளையின் தலையில் விழும். பாட்டு மெல்ல மங்கி முடிவதும் சரியில்லை. தீர்மானம் (முடிப்பு அடவுக் கோவை) வைத்து நிற்க வேண்டும்.

திரைப்படப் பாட்டு, மேற்கத்திய நடனம், குழு நடனம் ஆகியவற்றுக்கு இடமில்லை. பரத உடை போட்டுச் சினிமாப் பாட்டுக்கு ஆடினாலும் அது சினிமாப் பாட்டுதான். முழு ஒப்பனையும் உரிய உடையும் அவசியம். பக்கவாத்தியமோ பதிவு செய்த இசையோ உங்கள் விருப்பம்.

பதிவு இசை என்றால் பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, அந்த ஒரே பாட்டை மட்டும் எம்பி3 ஆக ஏற்றுங்கள். பல மிக்சர்கள் வேறு முறையைப் படிப்பதில்லை. கைபேசியில் இன்னொரு பிரதி இருக்கட்டும், ஆனால் ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். நடுப்பாட்டில் அழைப்பு வந்தால் மேடையில் ஒலிப்பது ரிங்டோன்தான்.

உங்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) ஆத்தங்குடித் தரைக்கல் என்றால், அந்த வழவழப்பில் பழகிய கால் மேடையின் கம்பளத்தில் சுற்றும்போது பிடித்துக்கொள்ளும். கடைசி ஒரு வாரம் கம்பளம் விரித்து, சலங்கை கட்டி ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். காலுக்குப் பூசிய சிவப்பு நன்றாகக் காய்ந்த பிறகே மேடை ஏறட்டும்.