பத்தாம் தெருக்காரர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தெருப் புகைப்படம் பற்றிய உங்கள் உரையில் அமெரிக்கப் புகைப்படக்காரர் சால் லைட்டரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அவர் எப்படி ஆரம்பித்தார்? எனக்கும் கேமரா பைத்தியம் உண்டு. நல்ல படம் எடுப்பவர்கள் எல்லாம் காசி, புஷ்கர் என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அந்த வசதியில்லை. அப்பாவுக்கும் இது பிடிக்கவில்லை. தெருவுக்கு 35 எம்.எம். லென்ஸ்தான் சரி என்கிறார்களே, உண்மையா?

ஒரு வாசகர், பவானி

அன்புள்ள நண்பருக்கு,

அப்பாவிலிருந்தே தொடங்கலாம். லைட்டர் 1923இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். தந்தை தல்மூத் எனும் யூத மறைநூலில் பேரறிஞர். மகனும் ரபி (யூத மதகுரு) ஆகவேண்டுமென்று படிக்கவைத்தார். பன்னிரண்டு வயதில் டெட்ரோலா கேமரா ஒன்றை வாங்கித் தந்தது அம்மா. 1946இல் படிப்பை உதறிவிட்டு ஓவியராகும் ஆசையில் நியூயார்க் போனார். அங்கே ஓவியர் ரிச்சர்ட் பூசெட்-டார்ட்தான் அவரைப் புகைப்படத்தின் பக்கம் திருப்பினார். புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தின் பிரிண்ட்கள் சிலவற்றைக் கொடுத்து லைட்டர் ஒரு லைக்கா கேமராவை வாங்கிக்கொண்டார். தந்தையின் கண்ணில் இதெல்லாம் மதிப்பான வேலையே இல்லை.

1952 முதல் 2013இல் இறக்கும் வரை நியூயார்க்கின் கிழக்குப் பத்தாம் தெருவில்தான் வாசம். பெயர்பெற்ற படங்களில் பலவும் அந்த வட்டாரத்தில் நடந்து எடுத்தவை. ஆவி படிந்த கண்ணாடி, பனியில் சிவப்புக் குடை. 1957இல் எடுத்த ஒரு படத்தில் முக்கால்வாசி கறுப்பு. பலகைகளின் இடைவெளியில் ஒரு கீற்றாகத் தெரு. நாமாக இருந்தால் பலகை மறைக்கிறதே என்று நகர்ந்திருப்போம். (நம்மூர்ப் போட்டி நடுவர்கள் அதை முதல் சுற்றிலேயே கழித்திருப்பார்கள்.)

கலை என்றால் கறுப்பு வெள்ளை என்றிருந்த காலத்தில், 1948இலேயே கலருக்கு வந்துவிட்டார். காலாவதியான பிலிம் மலிவாகக் கிடைக்கும். அதில் வண்ணங்கள் கொஞ்சம் பிசகி வருவதும் அவருக்குப் பிடித்திருந்தது. பிரிண்ட் போடும் செலவுக்கு அஞ்சி ஸ்லைடுகள் பல பத்தாண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. ‘ஏர்லி கலர்’ புத்தகமாக வந்தது 2006இல், அவருடைய 82 வயதில்.

உடனே அவரைத் துறவியாக்கிவிடாதீர்கள். ஹார்பர்ஸ் பஜார் மாதிரியான பத்திரிகைகளுக்குப் பேஷன் படம் எடுத்துத்தான் சாப்பிட்டார். 1981இல் ஸ்டுடியோவை மூடியபின் பணக்கஷ்டம். ஆகவே வேலையை விட்டுவிட வேண்டாம்.

காசிக்குப் போக முடிந்தால் போங்கள். ஆனால் படித்துறைச் சாமியாரை நீங்கள் அங்கே போகுமுன்பே நூறு படங்களில் பார்த்துவிட்டீர்கள். கையும் அதையேதான் எடுக்கும். பவானியில் ஜமுக்காளக் கடைத் தெருவை அப்படி யாரும் உங்களுக்கு முன்கூட்டி எடுத்துக் காட்டவில்லை. நாலு மணி வெயில் எந்தச் சுவரில் விழும், எந்தக் கடைக்காரர் கேமராவைக் கண்டால் முறைப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

லென்ஸ் விஷயம்: லைட்டர் பல தெருப் படங்களை, தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் டெலிபோட்டோ லென்ஸில் எடுத்தவர். இருப்பதை வைத்து எடுங்கள்.

படங்களை அப்பாவிடம் எப்போதாவது காட்டினீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒன்றும் இல்லையே.