பிரசவ அறையில் பக்கத்து வீட்டு அக்கா உடன் இருக்கலாமா?

அன்புள்ள அக்காவுக்கு,

தாராவியில் குடியிருக்கிறோம். சொந்த ஊர் நாங்குநேரி. மனைவிக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாக இருப்பதால் ஊருக்கு அனுப்ப வழியில்லை. பிரசவ அறையில் பக்கத்து வீட்டு அக்கா உடன் இருக்க வேண்டும் என்கிறாள். என் அம்மாவோ, "நான் இருக்கும்போது அயலாள் எதற்கு?" என்று முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார். டாக்டரும் நர்சும் இருக்கையில் இன்னொருவர் அவசியமா? அரசு ஆஸ்பத்திரியில் விடுவார்களா?

மு., மும்பை

அன்புள்ள மு.,

அவசியம்தான் தம்பி.

என் மூத்த மகள் 1996-ல் இதே மும்பையில் பிறந்தாள். நான் ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. அம்மாவை வராந்தாவிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே நர்ஸ் "ஜோர் லகாவ், ஜோர் லகாவ்" என்று கத்தினார். முக்கச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியவில்லை. நமக்கு ஜோர் என்றால் பிரமாதம் அல்லவா? சரியாகத்தான் செய்கிறோம் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா துணியைப் போட்டுவிட்டு வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வயிற்றை எக்கி முக்கிக் காட்டினார். ஃபினாயில் வாசம் வீசிய அந்த ஈரக் கையை நான் விடவே இல்லை.

டாக்டரும் நர்சும் நான்கு கட்டில்களுக்கு நடுவே ஓடுகிறவர்கள். இடுப்பைத் தேய்த்துவிடவும், ஒரு மடக்குத் தண்ணீர் கொடுக்கவும், வலி விட்ட நேரத்தில் நடக்கவைக்கவும், "இன்னும் கொஞ்சம்தான்" என்று காதருகே சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். பயம் ஏற ஏற அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் கூடும். கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் தடைப்படும். துணை இருந்தால் வலி நேரம் சற்றுக் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று 17 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளிவந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு சொல்கிறது.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004-லேயே பிரசவத் துணையை அனுமதித்தார்கள். 2016-ல் மத்திய அரசும் வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அதில் பெண் உறவினர் என்று இருக்கிறது. பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது. தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. மறைப்பு உள்ள இடங்களில் கணவரையும் விடலாம். ஆனாலும் வாசலில் நிற்பவர் தடுக்கக்கூடும். அடுத்த பரிசோதனைக்கு அந்த அக்காவையும் அழைத்துப்போய், உறவுக்காரர் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லி, இப்போதே அனுமதி கேட்டுவிடுங்கள். வலி கண்ட பிறகு வாசலில் நின்று வாதாட முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது, பெண் தானே தேர்ந்தெடுக்கும் துணையை. அந்த வார்த்தையில்தான் உங்கள் வீட்டுச் சிக்கலுக்கு விடை இருக்கிறது. மாமியார் எதிரில் உங்கள் மனைவியால் வாய்விட்டு அலற முடியுமா? புடவை விலகுமே என்று கூசாமல் கிடக்க முடியுமா? உங்கள் அம்மா பாசமில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அவர்மீது உள்ள மரியாதையே அந்த நேரத்தில் அவளுடைய வாயைக் கட்டிவிடும்.

அம்மாவிடம் நீங்களே பேசுங்கள், மனைவியைப் பேசவிடாதீர்கள். பிள்ளையைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவரும்போது முதலில் கை நீட்டி வாங்கப்போவது அவர்தான் என்று சொல்லுங்கள். அந்த அக்காவுக்கு இந்தி நன்றாக வருமா என்பதையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.