பாக்கெட்ல வைக்கிற சின்ன பிஸ்டல் குறி தப்புமா? 7 யார்டுலயே எங்கயோ போகுதுன்னு சொல்றாங்களே?

நான் டெக்சாஸ்ல இருக்கேன், துப்பாக்கியை கூடவே எடுத்துட்டு போற கேரி லைசென்ஸ் இருக்கு, ஆறு வருஷமா ரூகர் எல்சிபிங்கற பாக்கெட் பிஸ்டல் வச்சிருக்கேன், அதை வச்சே சொல்றேன். துப்பாக்கி நேராதாங்க சுடுது. நம்ம கையில இருக்கிற சின்ன தப்பைக்கூட அது பெருசாக்கி பேப்பர்ல காட்டிடும், அவ்ளோதான்.

வாங்கின புதுசுல 7 யார்டுல, அதாவது சுமார் ஆறரை மீட்டர்ல, நான் சுட்டதெல்லாம் நடுவை விட்டு கீழ இடது பக்கமாவே விழுந்துச்சு. சைட், அதாவது துப்பாக்கி மேல குறி பார்க்கிற மேடு, கோணலா இருக்குன்னு நினைச்சு ரேஞ்ச்ல (சுட்டு பழகுற இடத்துல) இருந்த இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கொடுத்தேன். அவர் மணல் மூட்டை மேல கையை ஊனி நிதானமா அஞ்சு ரவுண்டு விட்டாரு, அஞ்சும் ஒரு எலுமிச்சம்பழம் மறைக்கிற அளவுக்குள்ள. அப்புறம் என் கண்ணுல படாம மேகசின்ல (குண்டு அடுக்குற பெட்டியில) நடுவுல ஒரு டம்மி ரவுண்டை, அதாவது வெடிக்காத போலி குண்டை, சொருகி என்கிட்ட கொடுத்தாரு. ரெண்டு வெடிச்சுது, மூணாவதுக்கு வெறும் க்ளிக் சத்தம், அப்ப பேரல் மூக்கு தானா கீழ குத்துனதை நானே பார்த்தேன். வெடிக்கும்னு கை முன்கூட்டியே பயந்து அமுக்குது, எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது.

ஏன் சின்னதுல மட்டும் இவ்ளோ தெரியுதுன்னா, எல்சிபி காலியா இருந்தா சுமார் 270 கிராம்தான், ஆனா ட்ரிகரை இழுக்க கிட்டத்தட்ட 3 கிலோ பலம் வேணும், துப்பாக்கியோட எடையை மாதிரி பத்து மடங்கு, அதுவும் நீளமான இழுப்பு, அந்த நேரத்துல அசையாம பிடிக்கணும்னா கிரிப்ல ரெண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டு விரல் கீழ தொங்கும். பேரல் 2.75 இஞ்ச் தான். பேரல் குட்டைங்கறதால குண்டு கோணலா போகாது, வேகம்தான் குறையும். சிக்கல் சைட்ல இருக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல சுமார் 10 செ.மீ. தான், க்ளாக் 17ங்கற முழு அளவு பிஸ்டல்ல அது பதினாறு செ.மீ.க்கு மேல. ரெண்டு சைட்டும் நேர்கோட்டுல இருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினா 7 யார்டுல க்ளாக்ல 4 செ.மீ. தள்ளும், இதுல 6 செ.மீ.க்கு மேல தள்ளும். பழைய எல்சிபில அந்த சைட்டும் ஸ்லைடு மேல செதுக்கின ஒரு மேடு மாதிரிதான், மங்கல் வெளிச்சத்துல தேடணும். 2021ல வந்த எல்சிபி மேக்ஸ்ல முன் சைட்டுல இருட்டுலயும் தானா ஒளிர்ற ட்ரிடியம் இருக்கு, கண்ணுக்கு உடனே மாட்டுது, ரொம்ப நல்ல மாற்றம்.

டெக்சாஸ் லைசென்ஸ் டெஸ்ட்ல 3, 7, 15 யார்டுன்னு மொத்தம் 50 ரவுண்டு சுடணும். 3 யார்டுல இந்த சின்னதை வச்சே தாராளமா பாஸ் பண்ணலாம், 15 யார்டுலதான் கை வேர்க்கும். முப்பது நாப்பது ரவுண்டு தாண்டினா உள்ளங்கை வேற வலிக்கும், அதனாலயே நிறைய பேர் வாங்கி பாக்கெட்ல போட்டுட்டு ப்ராக்டிஸே பண்றதில்ல. இதுதான் எனக்கு உண்மையா கவலை. சுட்டு பழகாத துப்பாக்கியோட நாலு பேர் நடமாடுற இடத்துக்கு போகாதீங்க, தப்பற ஒவ்வொரு குண்டும் யார் மேலயாவது போய் விழலாம்.

நம்மாளுங்களுக்கு ஒண்ணு, ஹெச்1பி மாதிரி விசாவுல இருந்தா சில விதிவிலக்கு தவிர துப்பாக்கி வச்சிருக்கவே அமெரிக்க மத்திய சட்டம் விடாது, முதல்ல வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.

மத்தபடி பாக்கெட்ல போட்டா ட்ரிகரை மூடுற ஹோல்ஸ்டர் (உறை) கட்டாயம், அந்த பாக்கெட்ல சாவி சில்லறை எதுவும் கூடாது. பேன்ட்ல இடம் இருந்தா சிக் பி365 அளவுக்கு ஒரு படி பெருசா போங்க, பிடிக்க விரலுக்கு இடம் கிடைக்கும். நிறைய ரேஞ்ச்ல ரெண்டும் வாடகைக்கு கிடைக்கும், ஒரே நாள்ல ஒரே தூரத்துல ரெண்டையும் சுட்டு, அந்த ரெண்டு பேப்பரையும் வீட்டுக்கு கொண்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, அப்புறம் வாங்குங்க.