மாராமண் கிணறும் எங்கள் கடைவாடகையும்

அன்புள்ள ஐயா,

களியக்காவிளை தாண்டி, பாறசாலைப் பக்கம் வசிக்கிறேன். நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவன். சேகரக் கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். பேராயத் தேர்தல் என்றால் வழக்கு, வழக்கு என்றால் நிர்வாகத்துக்கு ஓய்வுபெற்ற நீதிபதி என்று ஆகிவிட்டது. நமக்கு ஒரு மார்ட்டின் லூத்தர் எப்போது கிடைப்பார்? துணிச்சலான தலைவர்கள் ஏன் உருவாவதில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கிறிஸ்தவ சபையைச் சீர்திருத்திய லூத்தரை ஜெர்மனியிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. பாறசாலையில் ரயிலேறிச் செங்கன்னூரில் இறங்கினால், பம்பைக் கரையிலுள்ள மாராமண் அங்கிருந்து பக்கம்தான். பாலக்குந்நத்து ஆபிரகாம் மல்பான் அவ்வூர்ப் பள்ளியின், அதாவது தேவாலயத்தின், விகாரி (பங்குக் குரு). குருமாரைப் பயிற்றுவிக்கும் கோட்டயம் செமினாரியில் வழிபாட்டு மொழியான சுறியானியைக் கற்பித்தவர்; மல்பான் என்றால் ஆசிரியர். 1837-இல் அவர் வழிபாட்டு முறையைத் திருத்தி, மக்களுக்குப் புரியாத சுறியானியை விட்டு மலையாளத்தில் குர்பானா (திருவிருந்து வழிபாடு) நடத்தினார். பலரும் இதைத்தான் பேசுவார்கள். என்னை ஈர்ப்பது அவர் செய்த இன்னொரு காரியம். மக்கள் 'முத்தப்பன்' என்று அழைத்த ஒரு மரச்சிலை அந்தப் பள்ளியில் இருந்தது. ஒவ்வோர் அக்டோபரிலும் பெருநாளன்று அதைச் சுமந்து ஊர்வலம் போவார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் கூட்டமும் காணிக்கையும் வரும். மல்பான் அதை எடுத்துக் கிணற்றில் போட்டார். அது உருவ வழிபாட்டுக்கு எதிரான செயல் என்பது சரிதான், ஆனால் ஒரு விகாரி தன் சொந்தப் பள்ளியின் வருமானத்தையே கிணற்றில் போட்டார் என்றும் அதைப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போதுதான் அந்த மனிதரின் நெஞ்சுரம் எனக்கு விளங்குகிறது. சபையின் தலைமை ஆயரான மெத்ராப்போலீத்தா அவரைச் சபைநீக்கம் செய்தார். அவரிடம் படித்தவர்களுக்குக் குருப்பட்டம் தர மறுத்தார். 1845-இல் மல்பான் காலமான பிறகும் வழக்குகள் நீண்டு, 1889-இல் வந்த தீர்ப்பில் சொத்துகளில் பெரும்பகுதி சீர்திருத்தக்காரர்களின் கையைவிட்டுப் போயிற்று. பின்னர் மார்த்தோமா சபையாக வளர்ந்தது அப்படி இழந்தவர்களின் கூட்டம்தான்.

அந்தச் சீர்திருத்தமும் எல்லோரையும் எட்டிவிடவில்லை. மாராமண்ணுக்கு அருகிலுள்ள இரவிபேரூரில் 1879-இல் பிறந்த பொய்கயில் யோஹன்னான், மார்த்தோமா சபையிலும் பிறகு பிரதரன் (Brethren) சபையிலும் இருந்து பார்த்தார். ஞானஸ்நானம் பெற்ற பின்னும் புலையன் புலையனாகவும் பறையன் பறையனாகவுமே நடத்தப்படுவதைக் கண்டு வெளியேறி, 1909 வாக்கில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தோற்றுவித்தார். தகப்பன் திறந்த கதவை மகன்கள் தங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டார்கள் என்றே இதைச் சொல்லவேண்டும்.

நம் பக்கத்துக் கதையும் இதுதான். காவல்கிணற்றுக்கு அடுத்த வடக்கன்குளத்தில், சாதிவாரியாக மக்கள் தனித்தனியே அமர்வதற்கென்று நடுவில் சுவர் வைத்தே தேவாலயத்தைக் கட்டினார்கள். 1910 வாக்கில் கௌசானல் என்ற சேசுசபைக் குரு அந்தச் சுவரை இடித்தார். சுவர் வேண்டும் என்றவர்கள் உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். நாகர்கோவிலில் பள்ளிக்கூடங்களும் அச்சகமும் கண்ட சார்லஸ் மீட் பாதிரியார், 1850-களின் தொடக்கத்தில் ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வந்த ஓர் உபதேசியாரின் மகளை மணந்ததற்காக, முப்பதாண்டு உழைத்த மிஷனையே விட்டு விலக நேர்ந்தது. எதிர்த்தவர்களில் சக மிஷனரிகளும் இருந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் கைவைத்தது தங்கள் சொந்தச் சபையின் பணத்திலும் சாதியிலும்தான். இன்று நம் மேடைகளில் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. அரசாங்கத்தையும் அடுத்த சபைக்காரனையும் சாடுவதற்கு ஒலிபெருக்கி போதாமல் போகிறது. அந்தத் துணிவுக்குக் கைதட்டல் கிடைக்குமே தவிர, செலவு எதுவும் கிடையாது.

சென்ற அறுப்பின் பண்டிகையில் எங்கள் சபையில் ஒரு செந்துளுவன் குலை 4,500 ரூபாய்க்கு ஏலம் போனது. 50 ரூபாய் கூட்டிக் கேட்டவரின் பெயரைக்கூட மைக்கில் சொன்னார்கள். ஏலம் முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்கு அடுத்த மாதம் ஆண்டுக் கணக்கு வாசிக்கப்பட்டது. சபைக்குச் சொந்தமான கடைகளின் வாடகை 'இதர வரவு' என்ற ஒற்றை வரிக்குள் அடங்கியிருந்தது. வாசித்து முடிக்க ஏழு நிமிடம் ஆனது. அதற்குள்ளேயே பின்வரிசையில் அசனப் பந்திக்கு இலை போடும் பேச்சு தொடங்கிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த ஓர் இளம் போதகர், எந்தக் கடை யாரிடம், என்ன வாடகைக்கு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். 300 ரூபாய் வாடகையில் இருந்த இரண்டு கடைகள் கமிட்டிக்காரர்களின் உறவினர் வசம் இருந்தன. மறு ஞாயிறு தாள் இல்லை. அடுத்த இடமாற்றப் பட்டியலில் போதகரின் பெயர் வந்துவிட்டது. அவரை இங்கேயே வைத்திருக்கும்படி பேராயருக்கு ஒரு மனு எழுதினார்கள். என்னிடமும் கொண்டுவந்தார்கள். மகளின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது, கமிட்டியின் தயவு வேண்டியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன். திருப்பிக் கொடுக்கவே இல்லை. ஏன் தலைவர்கள் உருவாவதில்லை என்ற உங்கள் கேள்வி என்னை எங்கே தைத்தது என்று புரிந்திருக்கும்.

நீங்கள் கமிட்டியில் இருந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சபையிலும் கடைகளோ ரப்பர்த் தோட்டமோ இருக்கலாம். வரும் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் அவற்றின் வாடகை விவரத்தைக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள். எங்கள் சபையில் அந்தக் கேள்வியை இந்தமுறை நான் கேட்பதாக இருக்கிறேன்.